வழுக்கும் தரையும் விழிப்புள்ள கால்களும்



இடுப்பெலும்பு முறிந்து நமது வார்டுகளில் படுத்திருக்கும் முதியோரிடம் ஜெபிக்கச் செல்லும்போது, "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்பதுண்டு. "தரை ஈரமாயிருந்தது தெரியாமல் போயிற்று, ஐயா" என்பார்கள் பலர். விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் மரிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே, "தெரியாமல்" என்ற அந்தச் சொல்லைச் சற்று சிந்திப்போம்.

நாம் நடக்கையில் முதலில் தரையைத் தொடுவது குதிகால். உடலின் பாரம் அதன்மேல் இறங்கும் கணத்தில் பாதம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. தரையின் பிடிப்பு போதுமானால் கால் நிற்கும்; போதாவிட்டால் வழுக்கும். எட்டு நீளமாயிருந்தால் கால் அதிகம் சாய்வாக ஊன்றும். அதிகப் பிடிப்பும் தேவைப்படும்.

தரை வழுக்கக்கூடும் என்று முன்னமே அறிந்தவருடைய கால்கள் தாமாகவே மாறிக்கொள்கின்றன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம், ரெட்ஃபெர்ன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் இதை விளக்கினார்கள். எச்சரிக்கப்பட்டவர்கள் எட்டைச் சுருக்கினார்கள். பாதத்தைச் சற்றுத் தட்டையாக வைத்தார்கள். பாரத்தை மெதுவாக இறக்கினார்கள். இதனால் அவர்களுக்குத் தேவைப்பட்ட பிடிப்பு சராசரியாக 16 முதல் 33 சதவீதம் வரை குறைந்தது. பின்பு, தரை காய்ந்திருக்கிறது என்று அறிந்த பிறகும், அவர்களுடைய நடை முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கால்கள் எச்சரிப்பை நினைவில் வைத்திருந்தன.

ஆனால் எச்சரிப்பு வேறு, பயம் வேறு. ஒருமுறை விழுந்த முதியவர் பயந்து நடப்பதையே விட்டுவிட்டால் தசைகள் மெலியும். மறுபடியும் விழும் ஆபத்து அதிகமாகும். ஆகையால் "நடக்காதீர்கள்" என்று சொல்லுவது அன்பல்ல. "இங்கே ஈரம், என் கையைப் பிடித்துச் சிறிய எட்டாக வாருங்கள்" என்பதே அன்பு.

பார்வை மங்கியவர் எச்சரிப்புப் பலகையைக் காணார். எழுத்தறியாதவர் அதை வாசிக்க இயலார். இவர்களுக்குப் படமுள்ள பலகையும், சுவரோரக் கைப்பிடியும், இரவில் கழிப்பறை வழியில் ஒரு விளக்கும் வேண்டும். வராந்தாவை ஒரு பாதியாகத் துடைத்து, மறுபாதியை நடப்பதற்கு உலர்ந்ததாக விட்டுவைக்கும் பணியாளரும் நோயாளிகளைக் காக்கிற ஊழியரே. நீங்கள் அனுப்பும் காணிக்கை அறுவை சிகிச்சைக்கு மட்டுமல்ல, இவ்விதமான சிறு காரியங்களுக்கும் உதவும்படி ஜெபத்தோடு கேட்டுக்கொள்ளுகிறோம்.

நம் கால்களைக் காக்கிற தேவனைக் குறித்து 121-ம் சங்கீதம் பேசுகிறது. அந்தக் காவலில் நமக்கும் பங்குண்டு. உங்கள் வீட்டிலும் ஆலய வாசலிலும், மழை நாளில் வரும் ஒரு முதியவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருடைய கால்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆண்டவருடைய ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்