கோழிக் கழிச்சலும் இரத்தச் செவ்வணுக்களும்

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி போன்ற வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த வருஷங்களில் குடியானவர் வீட்டுச் சில்லறைச் செலவுக்குக் கைகொடுப்பவை நாட்டுக் கோழிகளேயாம். அவற்றைச் சில தினங்களுக்குள் கூண்டோடு அழிக்கவல்லது வெள்ளைக் கழிச்சல். இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டமையால் இதற்கு இராணிக்கெட் வியாதி என்றும் பெயர். வியாதி கண்டபின் தீர்க்கும் மருந்து கிடையாது.

இதன் விஷக்கிருமி சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அகப்படாது. ஆயினும் அதைக் காட்டிக் கொடுப்பது இரத்தமே. கிருமியின் மேற்புறத்திலுள்ள முள் போன்ற புரதங்கள், செவ்வணுக்களின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ளும். ஒரே கிருமி இரண்டு அணுக்களைப் பற்றிப் பாலமிடும். இவ்வாறு பல சேர்ந்தால் வலை போலாகும். சிறு குழியில் நீர்த்த இரத்த அணுக்களை இட்டு வைத்தால் அவை அடியில் பொத்தான் போல் திரண்டு நிற்பது இயல்பு. கிருமி கலந்திருப்பின் அங்ஙனம் திரளாமல் குழியெங்கும் மெல்லிய விரிப்பாய்ப் பரவும். இன்புளூயன்சாக் கிருமியிடம் இக்குணம் உண்டென்பதை 1941-ல் நியூயார்க்கில் ஹர்ஸ்ட் என்பவர், கருக்கொண்ட முட்டையின் திரவத்தில் இரத்தம் கலந்தபோது கண்டார். (ஆமணக்கு விதைச் சாறும் செவ்வணுக்களைத் திரளச் செய்யுமென்பது 1888-லேயே அறியப்பட்டது. அச்சாற்றிலுள்ள நஞ்சை உத்தேசித்தே ஆமணக்குப் பிண்ணாக்கை எருவாக இடுகிறோமேயன்றி மாட்டுக்கு வைப்பதில்லை.)

இப்பரீட்சையைத் திருப்பியும் செய்யலாம். ஊசி போட்ட கோழியின் இரத்தத் தெளிவில் எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது கிருமியின் முட்களை மூடிவிடும். அணுக்கள் மீண்டும் பொத்தானாகும். தெளிவை இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே சென்று, எம்மட்டும் தடுக்கிறதென்று பார்த்தால் கோழியின் பாதுகாப்பு விளங்கும்.

ஊசி போட்டும் கோழி மடிந்ததென்று குறை கூறுவோர் பலர். அம்மருந்து உயிருள்ள, வலி குறைக்கப்பட்ட கிருமியாகும். வெயிலில் ஒரு பிற்பகல் கிடந்தாலே கெட்டுவிடும். ஆகவே பனிக்கட்டியில் வந்த மருந்தையே ஏற்றல் வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது முறை. கால்நடைத் துறையார் முகாம் நடத்தும் தினத்தைக் கிராம அதிகாரிகள் முதல் நாளே ஊரில் அறிவித்தல் நலம். விடிந்தபின் திறந்துவிட்ட கோழியைப் பிடிப்பது எளிதன்று. செத்த கோழியைக் கண்மாயில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும்.