படைவீரர் தொடங்கிய பட்டறை

படைவீரர் என்றவுடன் வாளும் துப்பாக்கியும் பீரங்கியுமே பலர் நினைவுக்கு வரும். ஆயினும், படையில் பணிபுரிவோர் பயில்வது போர்த்தொழில் மட்டுமன்று. பாலம் அமைத்தல், தொலைவிலுள்ளோர்க்குச் செய்தி அனுப்புதல், பொறிகளைப் பழுது பார்த்தல் முதலிய பல கலைகளையும் அவர்கள் கற்கின்றனர். படைப்பணி முடிந்தபின் அக்கல்வியையே முதலாகக் கொண்டு புதிய தொழில்களைத் தோற்றுவித்தோர் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்கவர் ஜெர்மானியப் பொறிஞர் வெர்னர் சீமென்ஸ்.

வெர்னர் 1816ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஹானோவர் நகருக்கு அருகிலுள்ள லென்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குத்தகை நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. பொறியியல் கற்க வேண்டும் என்னும் வேட்கை வெர்னருக்கு இருந்தது; அதற்குரிய பொருள் அக்குடும்பத்தில் இல்லை. பிரஷ்ய நாட்டுப் படையில் அதிகாரியாகப் பயிற்சி பெறுவோர்க்கு அறிவியற் கல்வியும் அளிக்கப்பட்டு வந்தது. அதனை அறிந்த வெர்னர் 1834ஆம் ஆண்டு, சிறிதளவு பணத்துடன், நடந்தே பெர்லின் நகரை அடைந்தார். பின்னர்ப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் மூன்றாண்டுகள் பெர்லினில் இருந்த படைக்கல்லூரியில் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றை ஊன்றிக் கற்றார்.

1839ஆம் ஆண்டில் தாயும் 1840ஆம் ஆண்டில் தந்தையும் மறைந்தனர். தம்பியரைப் பேணும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. படை அதிகாரியின் ஊதியம் அதற்குப் போதாது. எனவே, புதியன கண்டு பொருளீட்ட எண்ணி, ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இதற்கிடையே, நண்பர் ஒருவர் புரிந்த ஒற்றைப் போரில் துணைநின்ற குற்றத்திற்காக அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குச் சென்றவர் சோர்ந்திருக்கவில்லை. வேண்டிய பொருள்களை வெளியிலிருந்து தருவித்து, தம் அறையையே ஆய்வுக்கூடமாக்கினார். மின்சாரத்தின் துணையால் உலோகப் பொருள்களுக்குப் பொன் முலாம் பூசும் முறை அங்கே அவருக்குக் கைகூடியது. ஏறத்தாழ ஒரு திங்களில் அரசர் மன்னிப்பு அளித்தார். ஆராய்ச்சி முடியும் வரையில் மேலும் சில நாள் சிறையிலேயே இருக்க இசைவு வேண்டினார் வெர்னர்! மன்னிப்பை மதியாதவர் என்று கருதிய அதிகாரிகள் அவரை நள்ளிரவிலேயே வெளியேற்றினர். அம்முறைக்கு 1842ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார்.

அக்காலத்தில் பிரஷ்யப் படையினர் உயர்ந்த கோபுரங்களின்மேல் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பி வந்தனர். இரவிலும் மூடுபனியிலும் அம்முறை பயன்படவில்லை. மின்சாரத் தந்தி இக்குறையை நீக்கும் என்று வெர்னர் உணர்ந்தார். சுருட்டுப் பெட்டிகளின் அட்டை, தகரம், சில இரும்புத் துண்டுகள், செம்புக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தம் கையாலேயே முதற்கருவியைச் செய்தார். கடிகாரம் போன்ற வட்டத்தைச் சுற்றி எழுத்துகள் இருக்கும். நடுவே ஒரு முள் இருக்கும். கம்பியின் இரு முனையிலும் உள்ள கருவிகளின் முட்கள் ஒரே சீராகச் சுழலும். ஒருவர் ஓர் எழுத்தின் விசையை அழுத்தினால் இரண்டு முட்களும் அவ்வெழுத்தில் நிற்கும். எழுத்தறிந்த எவரும் இதனை எளிதில் இயக்கலாம்.

கருவி ஒன்று போதாது. அதனைச் செவ்வையாகச் செய்து தரும் தொழிற்சாலையும் வேண்டும். 1847ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கைதேர்ந்த கருவிக் கம்மியரான ஹால்ஸ்கே என்பவருடன் சேர்ந்து, பெர்லின் நகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் பட்டறை தொடங்கினார். முதற்பணம் உறவினர் ஒருவர் தந்தது. தொழிலாளர் பதின்மர். அப்போதும் வெர்னர் படை அதிகாரியாகவே இருந்தார்.

நிலத்தடியில் கம்பி பதிக்க வேண்டுமாயின், மின்சாரம் மண்ணில் கசியாதவாறு அதற்கு உறையிட வேண்டும். மலேயா முதலிய நாடுகளின் மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருள் அதற்கு ஏற்றது எனக் கண்டு, கம்பியின்மேல் அதனை இணைப்பின்றிப் பொதியும் பொறியையும் அமைத்தார். பெர்லினிலிருந்து பிராங்க்பர்ட் வரை தந்தி வழி அமைக்கும் பொறுப்பு 1848ஆம் ஆண்டில் அவரிடம் வந்தது. 1849ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிராங்க்பர்ட் மன்றம் பிரஷ்ய அரசரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி, ஒரு மணி நேரத்திற்குள் பெர்லினை எட்டியது. நாடெங்கும் வியப்பு மேலிட்டது. அவ்வாண்டிலேயே வெர்னர் படைப்பணியைத் துறந்து, தொழிலில் முழுமையாக இறங்கினார்.

புகழ் வந்த வழியே துன்பமும் வந்தது. விரைவும் சிக்கனமும் கருதிக் கம்பிகளை ஆழமின்றிப் பதித்திருந்தனர். அவற்றின்மேல் இரும்புக் கவசமும் இல்லை. எலிகள் உறையைக் கடித்தன. உறையை இறுகச் செய்யக் கலந்த கந்தகம் செம்புடன் வினைபுரிந்து கேடு விளைத்தது. சில ஆண்டுகளுக்குள் வழிகள் பல இடங்களில் பழுதுற்றன. பழியோ அவர்மீது சுமத்தப்பட்டது. நேர்ந்த பிழைகளை மூடி மறைத்து அரசின் தயவைக் காத்துக்கொள்வது எளிது. வெர்னர் அவ்வாறு செய்யவில்லை. பழுதுகளின் காரணங்களை ஆராய்ந்து, 1851ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார். அதனால் பிரஷ்யத் தந்தித் துறை அவருடன் உறவை அறுத்துக்கொண்டது. முதன்மையான வாடிக்கையாளரை இழந்து பட்டறை தத்தளித்தது.

ஆயினும் அத்தோல்வியில் கற்ற பாடம் வீண்போகவில்லை. கம்பியில் எங்கே பழுது உள்ளது என்பதை அளந்தறியும் முறைகளை அவர் செம்மைப்படுத்தினார். 1853ஆம் ஆண்டு முதல் ரஷ்யப் பேரரசில் தந்தி வழிகள் அமைக்கும் பணி கிட்டியது. தம்பி கார்ல் ரஷ்யாவிலும், மற்றொரு தம்பி வில்லியம் இலண்டனிலும் தொழிலை நடத்தினர். மூவர் முயற்சியின் பெரும்பயனாக எழுந்தது இலண்டன் – கல்கத்தா தந்தி வழி. ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் நீண்ட அவ்வழியில், இலண்டனிலிருந்து வார்சா, ஒடெஸ்ஸா, டிப்லிஸ் வழியாக டெஹரான் வரையுள்ள பகுதியைச் சீமென்ஸ் சகோதரர் உருவாக்கினர். 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், இலண்டனில் புறப்பட்ட செய்தி 28 நிமிடத்தில் கல்கத்தாவை அடைந்தது. 1931ஆம் ஆண்டு வரை அவ்வழி பயன்பட்டது.

டைனமோ என்னும் மின்னாக்கியின் அடிப்படைத் தத்துவத்தை 1866ஆம் ஆண்டில் வெர்னர் கண்டார். அதே காலத்தில் இங்கிலாந்திலும் சிலர் அதனைத் தனித்தனியே கண்டனர். அதுவரை மின்கலங்களிலிருந்து சிறிதளவே கிடைத்து வந்த மின்சாரம், இனிப் பொறிகளை இயக்கும் பேராற்றலாயிற்று. 1879ஆம் ஆண்டு பெர்லின் பொருட்காட்சியில் அவருடைய சிறிய மின்சார இரயில் மக்களை ஏற்றிச் சென்றது. 1881ஆம் ஆண்டில் பெர்லினுக்கு அருகே மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது.

தம்முடன் உழைத்தோரையும் அவர் மறக்கவில்லை. முதுமையுற்ற தொழிலாளர்க்கும், இறந்தோரின் மனைவி மக்களுக்கும் உதவும் ஓய்வூதிய நிதியை 1872ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். 1892ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். மின்கடத்து திறனை அளக்கும் அலகு இன்றும் ‘சீமென்ஸ்’ என்றே வழங்குகிறது.

அவருக்குப் பின்னும் இம்மரபு தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த அகியோ மொரிட்டா, போர்க்காலத்தில் தாம் சந்தித்த இபுகா என்னும் பொறிஞருடன் இணைந்து 1946ஆம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கிய சிறு நிறுவனமே பிற்காலத்தில் ‘சோனி’ எனப் பெயர் பெற்றது.

வெர்னர் சீமென்ஸுக்குப் படை அளித்தது கல்வி. அக்கல்வியை ஊருக்குப் பயன்படும் தொழிலாக வளர்த்தது அவருடைய உழைப்பு. தம் கைவேலையில் நேர்ந்த பழுதைத் தாமே ஆராய்ந்து உலகறியச் சொன்ன நேர்மை அத்தொழிலை நிலைபெறச் செய்தது. போர்க்களத்தில் பகைவர்முன் நிற்பதற்கு வேண்டிய துணிவு, தன் பிழையின்முன் நிற்பதற்கும் வேண்டும்.