இனிப்புப் பானத்தின் மீது வரி

உடற்பருமனும் அதனைத் தொடர்ந்து வரும் நீரிழிவும் நோயாளியின் துன்பத்தோடு முடிவதில்லை. சர்க்கார் வைத்தியசாலைகளில் அவற்றுக்காகும் செலவு பொது நிதியிலிருந்தே செல்கின்றது. விற்பனையின் இலாபம் சிலருக்கு, வைத்தியத்தின் செலவு அனைவருக்கும் என்றாகின்றது. ஆகவே, அந்நோய்களை வளர்க்கும் பண்டங்களின் மீதே வரி விதித்துச் செலவை ஈடு செய்யலாகாதா என்னும் கேள்வி எழுகின்றது.

இதனைச் செயலில் சோதித்த நாடுகளுள் மெக்ஸிகோ முக்கியமானது. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கு வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஏழு பேர் மிகு எடையோ பருமனோ உடையவராயிருந்தனர். 2014 ஜனவரி 1 முதல், சர்க்கரை சேர்த்த பானங்களின் மீது லிட்டருக்கு 1 பெஸோ வரி விதிக்கப்பட்டது. 100 கிராமில் 275 கலோரியும் அதற்கு மேலும் உள்ள நொறுக்குத் தீனி, மிட்டாய் முதலியவற்றுக்கு வரி 8 சதவீதம். பானத்திற்குரிய வரியைச் செலுத்துவோர் உற்பத்தியாளரும் இறக்குமதியாளருமே. எனினும் அது விலையில் ஏறி, வாங்குவோரையே சேர்ந்தது.

வரியில்லாதிருப்பின் விற்றிருக்கும் அளவினும் 2014-இல் 5.5 சதவீதமும், 2015-இல் 9.7 சதவீதமும் குறைவாகவே இப்பானங்கள் வாங்கப்பட்டன என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். ஏழைக் குடும்பங்களிலேயே குறைவு அதிகம்.

ஏழைகளைப் பிழியும் வரி இது எனச் சிலர் கூறுவர். அக்கூற்றை அலட்சியம் செய்தலாகாது. டென்மார்க் தேசம் 2011 அக்டோபரில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி முதலியவற்றிலுள்ள கொழுப்பின் மீது வரி விதித்தது. அவை அன்றாட உணவாதலின் மக்கள் வெறுத்தனர். எல்லை கடந்து ஜெர்மனியில் வாங்கியோரும் உண்டு. 2013 தொடக்கத்தில் அவ்வரி நீக்கப்பட்டது. இனிப்புப் பானமோ இன்றியமையாததன்று. தண்ணீர் அதன் இடத்தை நிரப்பும்.

ஆனால் நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமன்றோ? வரிப்பணத்தைப் பள்ளிகளின் குடிநீர் வசதிக்குச் செலவிட வேண்டுமென மெக்ஸிகோவில் வற்புறுத்தப்பட்டது. எனினும் தொகை பொது வருவாயிலேயே கலந்தது.

மேலும், இவ்வரி வெற்றி பெறுந்தோறும் விற்பனை குறையும், வருமானமும் குறையும். ஆகையால் வைத்தியச் செலவு முழுவதையும் இதனால் ஈடு செய்யலாமென எண்ணுதல் பொருந்தாது. நோய் வருமுன் காப்பதே இதன் முதற்பயன். ஏழையிடம் பெற்ற காசு குடிநீராகவும் மருந்தாகவும் அவனிடமே திரும்புமாயின், இவ்வரி நியாயமானதே. திரும்பாவிடின், அது அவன் தலையில் ஏற்றிய மற்றுமொரு சுமையே ஆகும்.