உள்ளூர் இணையச் செய்தி இதழின் பொருளியல்: நியூ ஜெர்சி அனுபவமும் வெஸ்ட் வின்ட்சர்த் தமிழரும்

முன்னுரை

ஏறத்தாழ 30,000 பேர் வாழும் வெஸ்ட் வின்ட்சர் நகரியத்தில் 2015ஆம் ஆண்டு ஒரு விவாதம் எழுந்தது. மாணவரின் மன அழுத்தம் கருதி, பள்ளிக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் வீட்டுப்பாடச் சுமையைக் குறைத்தார். உயர்நிலைப் பள்ளியின் பருவத் தேர்வுகளை நீக்கினார். ஆசிய மரபினர் உள்ளிட்ட பெற்றோரிடையே கருத்துப் பிளவு ஏற்பட்டது. நியூயார்க் டைம்ஸ் அதனைச் செய்தியாக்கியது. ஆனால், பள்ளிக் குழுவும் நகரியத் திட்டக் குழுவும் ஆண்டு முழுவதும் எடுக்கும் முடிவுகளை நாளேடுகள் தொடர்ந்து கவனிப்பதில்லை. அப்பணியை ஏற்கும் உள்ளூர் இணைய இதழ் பொருளியல் நிலையில் எவ்வாறு நிலைபெறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெருநிறுவன முயற்சி

பேட்ச் என்னும் நிறுவனம் 2009இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட், சவுத் ஆரஞ்ச், மில்பர்ன் ஆகிய ஊர்களில் தளங்களைத் தொடங்கியது. அதே ஆண்டு அதனை வாங்கிய ஏஓஎல், ஏறத்தாழ 900 ஊர்களுக்கு விரிவாக்கியது. செலவை ஈடுகட்ட இயலாமல் 2014இல் பெரும்பான்மை உரிமையை ஹேல் குளோபலுக்கு அளித்தது.

இதன் காரணம் தெளிவானது. மென்பொருட் செலவைப் பல ஊர்களுக்குப் பகிரலாம்; செய்தியாளர் ஊதியத்தைப் பகிர இயலாது. ஓர் ஊரின் திட்டக் குழுக் கூட்டம் அடுத்த ஊருக்குச் செய்தியாகாது. கடைக்காரரின் விளம்பரமும் உள்ளூர் அறிமுகத்தாலேயே கிடைக்கிறது.

சிறு முயற்சிகள்

மான்ட்கிளேரில் 2004இல் தோன்றிய பாரிஸ்டாநெட், சிறு குழுவைக் கொண்டு உள்ளூர் விளம்பரத்தால் இயங்கியது. 2008இல் நியூ பிராவிடன்சில் தொடங்கிப் பின்னர் டாப்இன்டோ எனப் பெயர் பெற்ற நிறுவனம், தொழில்நுட்பத்தைப் பொதுவாக்கி, ஊர்ப் பதிப்பை அவ்வூர் உரிமதாரரிடம் ஒப்படைத்தது. பொதுச்செலவு மையத்திலும் தனிச்செலவு ஊரிலும் அமைந்தமையே இம்முறையின் சிறப்பு.

விளம்பரம், வாசகர் நன்கொடை ஆகியவற்றோடு நல்கையும் ஒரு வருவாய் வழியாகும். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நியூ ஜெர்சி, பல்கலைக்கழகங்களை உறுப்பாகக் கொண்ட குடிமைத் தகவல் கூட்டமைப்பை நிறுவியது. அரசுப் பணத்தை அரசே நேரடியாகப் பகிராமல், இலாப நோக்கற்ற தனி அமைப்பு பகிர்வது செய்தியாளர்க்குக் காப்பாகிறது. அதே காப்பு விளம்பரத்திலும் வேண்டும். ஒரு கட்டட நிறுவனமே வருவாயில் பாதியை அளிக்குமாயின், அதன் கட்டட விண்ணப்பம் பற்றி இதழ் நேர்மையாக எழுதுதல் அரிதாகும். எந்த ஒருவர் விலகினாலும் மூடப்படாத நிலையே இதழின் சுதந்திரம்.

முடிவுரை

2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழ், விளம்பர வருவாயைக் கொண்டு இலவசமாக வழங்கப்பட்டது. அதன் வாசகர் அமெரிக்கா எங்கும் பரவியிருந்தனர். ஒரு நகரியத் தமிழரை மட்டும் நம்பும் செய்தி நிறுவனத்துக்கு அப்பரப்பு வாய்க்காது. ஆகவே, வெஸ்ட் வின்ட்சரில் தனித் தமிழ் இதழைவிட, உள்ளூர் ஆங்கில இதழுடன் இணைந்து குழுக்கூட்டச் சுருக்கங்களைத் தமிழில் தரும் பக்கமே இயலக்கூடியது. அதற்கு வேண்டுவது ஒரு மொழிபெயர்ப்பாளரின் பகுதிநேர ஊதியமே. ஆங்கிலக் கூட்டங்களில் கலந்துகொள்ளாத தமிழ்ப் பெற்றோரும் முதியோரும், முடிவு எடுக்கப்படும் முன்னரே அதனை அறிந்து கருத்துரைக்க அது வழிவகுக்கும்.