உயரமான பெண்ணுக்கு ஓர் ஆட்டம்!

மதுரைச் சீமையில் பெண் பிள்ளை ஐந்தே முக்கால் அடி வளர்ந்து விட்டால் போதும், தாய்க்குக் கவலை வந்து விடும். "இவளுக்கு ஏற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்பாள். அந்த உயரமே சோறு போடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் கூடைப்பந்து.

பக்கத்துக்கு 5 பேர். கூடை 10 அடி உயரத்தில் இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே உயரம்தான். பெண்களுக்குப் பந்து மட்டும் சற்றுச் சிறியது.

12 ஆண்டு ஆட்சி

ஐரோப்பாவில் இந்த ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் கிளப் உண்டு. பல நாட்டுப் பெண்கள் கிளப்புகள் மோதும் போட்டி 1958-ம் ஆண்டு தொடங்கியது. குளிர்காலம் முழுவதும் நடக்கும். லாத்வியாவில் உள்ள ரீகா நகரக் கிளப் 18 முறை கோப்பையை வென்றது. அதில் 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகள் வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவே இல்லை! அந்தக் கிளப்பில் ஆடிய உல்யானா செம்யோனவாவின் உயரம் ஏறக்குறைய 7 அடி. மற்றவர்களுக்குக் கூடை, அவருக்கு வீட்டுப் பரண்!

ரெயில்வே தந்த வேலை

நம் நாட்டில் பெண்கள் ஆட்டத்தைத் தாங்கி நின்றது ரெயில்வே. வேலையும் கொடுத்தது, ஆடவும் விட்டது.

தெற்கு ரெயில்வே வீராங்கனை கீது அன்னா ஜோஸ், கேரளத்துப் பெண். 6 அடி 2 அங்குல உயரம். ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றுக்கு ஆடினார். 2011-ம் ஆண்டு அமெரிக்கக் குழுக்கள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன.

சென்னையில் பிறந்த அனிதா பால்துரையும் தெற்கு ரெயில்வேதான். 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். திருமணம் ஆனது, ஆண் குழந்தை பிறந்தது. "இனி எங்கே ஆடப் போகிறார்?" என்று நினைக்கத்தானே தோன்றும்? அவர் மறுபடியும் களத்தில் இறங்கினார். 2017-ம் ஆண்டு பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். எதிரி கஜகஸ்தான். இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளியில் வெற்றி! இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. 2021-ல் அனிதாவுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மதுரைக் கோட்டமும் தெற்கு ரெயில்வேயைச் சேர்ந்ததே. விளையாட்டு வீரர்களுக்கு ரெயில்வேயில் தனி ஒதுக்கீடு உண்டு. விளம்பரம் வரும்போது சான்றிதழோடு மனுப் போட வேண்டும். தேர்வாளர்கள் முன்னால் ஆடியும் காட்ட வேண்டும்.