படுக்கைப் புண் வராமல் தடுக்க: போனில் வையுங்கள் ரெண்டு மணி நேர அலாரம்!

போச்சம்பள்ளி சிப்காட்டுக்கோ ஓசூருக்கோ ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நாகரசம்பட்டி பக்கம் நிறைய உண்டு. அந்த வீட்டில் பக்கவாதம் வந்தோ, இடுப்பு எலும்பு முறிந்தோ பெரியவர் ஒருவர் படுத்துவிட்டால், சாப்பாடும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் அவரைத் திரும்பிப் படுக்க வைக்க மறந்துடுவோம். படுக்கைப் புண் ஆரம்பிப்பது அங்கேதான்.

ஏன் வருகிறது?

மாங்காயைக் குவித்து வைத்தால் அடியில் இருப்பது கன்றிப்போகும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். உடம்பும் அப்படித்தான். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் அழுந்தினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுக ஆரம்பிக்கும். நாம் தூக்கத்தில் தானாகப் புரண்டுவிடுகிறோம். அவரால் முடியாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்திருந்தால் வலியும் தெரியாது.

தினமும் எங்கே பார்க்கணும்?

வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. மாநிறம், கருப்பு நிறத் தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

என்ன செய்யணும்?

• ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று மாற்றுங்கள். ராத்திரி இடைவெளியை நீட்டலாமா என்பதை நர்ஸிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

• முழுசா ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும்.

• கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் பாருங்கள்.

• இழுக்காதீங்க. போர்வையை அடியில் விரித்து, ரெண்டு பேராகத் தூக்கி நகர்த்துங்கள்.

• சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்றி உட்காரணும்.

• சிறுநீர், வியர்வை ஈரத்தை உடனே துடையுங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை முட்டை, பருப்பு நிறைய கொடுங்கள்.

சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். அது சுற்றியுள்ள தோலை அழுத்தும். வாட்டர் பெட், ஏர் பெட் வாங்கினாலும் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கே வரும் உதவி

2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. இதில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை நர்ஸும், இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

தோல் உரிந்தாலோ, கருத்தாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இதைப் படித்து முடித்ததும் போனில் அலாரம் வையுங்கள். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அடுத்த முறை யார் திருப்பிவிடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்க.