காடு வளர்க்கும் தொண்டுப் பணி: நீங்களும் சேரலாம்

"வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை. அறைக்குள்ளையே இருந்து யோசிச்சு யோசிச்சு விசர்தான் பிடிக்குது." பிரித்தானியாவில் தஞ்சம் கோரி, முடிவுக்காகக் காத்திருக்கும் பலர் இப்படிச் சொல்வதுண்டு. நீங்களும் இந்த நிலையில் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை அனுமதி இல்லாவிட்டாலும், தொண்டு நிறுவனம் ஒன்றில் நீங்கள் வொலன்ரியராகச் சேரலாம். காட்டையும் பூக்கள் நிறைந்த புல்வெளியையும் திரும்ப உண்டாக்கும் பணி அப்படியானது. ஆங்கிலம் குறைவாக இருந்தாலும் மற்றவர்களைப் பார்த்துச் செய்யலாம்.

ஏன் இந்தப் பணி?

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1930களில் இருந்த பூப் புல்வெளிகளில் சுமார் 97 வீதம் 1980களுக்குள் அழிந்துவிட்டது. நிலத்தை உழுததும் உரம் போட்டதும் முக்கிய காரணங்கள். இப்போது தொண்டர்கள் அவற்றை மீட்டு வருகிறார்கள். லண்டனுக்கு வடக்கே, சென்ட் ஓல்பன்ஸ் நகருக்கு அருகில் உள்ள ஹார்ட்வூட் காடு நல்ல உதாரணம். பயிர் செய்த வயல் நிலத்தை வூட்லண்ட் ட்ரஸ்ட் வாங்கி, 2009 முதல் 2018 வரை சுமார் 6 இலட்சம் மரங்களை நட்டது. நட்டவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்களும் பாடசாலைப் பிள்ளைகளும்தான்.

என்ன செய்ய வேண்டும்?

நவம்பர் முதல் மார்ச் வரை மரம் நடுவார்கள். ஓக், ஹேசல் போன்ற இந்நாட்டு மரங்களின் கன்றுகள் அப்போது இலையில்லாமல் காய்ந்த தடி மாதிரி இருக்கும். பட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், உறக்கத்தில் இருக்கின்றன. மானும் முயலும் கடிக்காமல் கன்றைச் சுற்றிக் குழாய் போடுவார்கள்.

கோடை முடிவில் புல்லு வெட்டி, வாரி, வெளியே எடுப்பார்கள். ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு இது புதினமாக இருக்கும். அங்கே பசளை போட்டு மண்ணை வளமாக்குவோம். இங்கே வெட்டிய புல்லை விட்டால் அது உக்கி உரமாகும். பிறகு புல்லு மண்டிப் பூச்செடிகளை மூடிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் 'யெலோ றற்றில்' என்ற செடியின் விதையையும் தூவுவார்கள். அதன் வேர் புல்லின் வேரிலிருந்து உணவை உறிஞ்சும். புல்லு மெலிய, மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

• பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் அல்லது கவுன்சில் போன்ற அரச அமைப்பில் மட்டும் சேருங்கள்.

• சம்பளமோ அதற்குப் பதிலாகப் பொருளோ வாங்கக் கூடாது. பஸ் காசு, மதியச் சாப்பாடு போன்ற உண்மையான செலவை மட்டும் திருப்பி வாங்கலாம். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

• கடையிலோ ரெஸ்ரோரண்டிலோ "சும்மா உதவிக்கு வா" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். காசு வாங்காவிட்டாலும் அது வேலையாகவே கணக்கிடப்படும். உங்கள் வழக்கைப் பாதிக்கலாம்.

• ஹோம் ஒபிஸ் நேர்முகம், கையெழுத்துப் போடும் நாள் எதையும் தவற விடாதீர்கள்.

• நீளக் காற்சட்டை, நல்ல சப்பாத்து போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பணியால் விசா கிடைக்காது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நாலு பேருடன் கதைத்து ஆங்கிலம் பழகலாம். அந்தஸ்து கிடைத்த பின் வேலை தேடும்போது கேட்கப்படும் றெபரன்ஸ் கடிதத்துக்கும் வழி பிறக்கும். சந்தேகம் இருந்தால் சேருவதற்கு முன் உங்கள் சொலிசிட்டரைக் கேளுங்கள்.